எட்டாந்தரம் அளந்த சீதனக் காணி

கரடியனாறு,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய கந்தப்போடி மாமா அவர்களுக்கு,

அம்மன் துணையால் நான் சுகம். நீங்களும் மாமியும் உசாந்தி மச்சாளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். எனக்கும் உசாந்திக்கும் பேசின கலியாணத்தை நிறுத்திவிட்டதாகக் கோயில் கணக்கப்பிள்ளையிடம் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். சொந்தத் தாய்மாமனுக்கு என் வீட்டு வாசல் தெரியாமல் போயிற்று.

நடந்தது இதுதான். நான் படிப்பிக்கிற எட்டாந்தர வகுப்புக்கு அளவீட்டு அலகுகள் பாடம். எங்கள் ஆய்வுகூடத்தில் இருப்பது ஒரு தட்டு இல்லாத தராசும், என் காசில் வாங்கிய அளவுநாடாவும்தான். நீளம் மீற்றரில், பரப்பளவு சதுர மீற்றரில், போய் எதையாவது அளந்து எழுதுங்கள் என்று பிள்ளைகளை விட்டேன். பள்ளிக்கூட வேலிக்கு அங்கால் இருப்பது உங்கள் வயல், உசாந்திக்குச் சீதனமாக நீங்கள் சொன்ன அதே ஐந்து ஏக்கர். அதைத்தான் அளந்ததுகள். சதுர மீற்றரை ஏக்கராக்கினால் மூன்று ஏக்கர் வந்தது. பிள்ளைகள் பிழை விட்டிருக்கும் என்று நானும் ஒருக்கால் அளந்து பார்த்தேன், மூன்றுதான். அதைப் பிறிஸ்டல் போட் அட்டையில் எழுதிப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் தொங்கவிட்டது பிள்ளைகள். உங்களைப் பிரதம அதிதியாகக் கூப்பிட்டது அதிபர். இதில் என் குற்றம் எது?

மாலையும் கழுத்துமாக நின்று வாசித்தீர்கள். “ஆர்ரா சொன்ன மூண்டெண்டு? பத்துப் புசல் விதைநெல் போகுது. ஏக்கருக்கு ரெண்டு புசல். அப்ப அஞ்சுதானே!” என்று சத்தம் போட்டீர்கள். ஆர்த்திகா என்ற பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். “அப்ப இருவது புசல் எறிஞ்சா பத்து ஏக்கராகுமா ஐயா?” என்று கேட்டுவிட்டது. சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை மாமா, இருமினேன். இத்தனை வருசம் அலகு படிப்பிக்கிறன், ஒரு பிள்ளைக்கும் இவ்வளவு தெளிவா விளங்கினதில்லை. விளங்கின அண்டைக்கே என்ர கலியாணம் குழம்பிப் போச்சு. அவ்வளவு சனத்துக்கு முன்னால, “காணிக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையள விட்டு அளக்கிறான்” எண்டு சொன்னீங்களே, அதுதான் வயிறெரியுது. நான் எப்பவாவது காணி கேட்டனா? உசாந்தி கட்டின சீலையோட வந்தாலும் எனக்குப் போதும். பொம்புளையை ஏக்கரால அளக்கிற ஆள் நானில்லை. அப்படி நினைச்ச உங்களுக்குத்தான் வெக்கம் வேணும்.

மாமிக்கு என் வணக்கம். உங்களுக்கு அம்மன் நல்ல விளைச்சலும் கொஞ்சம் நிதானமும் தரட்டும்.

மரியாதை குறையாத மருமகன்,
கேதீசன்

பி.கு.: கலியாணம் திரும்ப ஒழுங்கானால், காணி உறுதிப் பத்திரத்தில் ஏக்கர், புசல் ஒன்றும் வேண்டாம். இரண்டு ஹெக்டேயர் என்று எழுதுவியுங்கள், நீங்கள் சொன்ன ஐந்து ஏக்கர் கிட்டத்தட்ட அவ்வளவுதான். குறைகிறதை உங்கள் வாய்க்காலோரத் துண்டிலிருந்து சேர்க்கலாம். நேற்றுப் பின்னேரம் தனியே போய் அளந்து பார்த்தேன், சரியாக வருகிறது.