வேலைக்குப் போகாதவர்களுக்கான பாதை

எங்கள் நகரத்தில் வெகுகாலமாகவே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் எங்கேயாவது போவதற்காகவே ஓட்டினார்கள். இந்த அவலத்தைத் தீவிரமாகப் பரிசீலித்த மேலிடம், சைக்கிளை அதற்குரிய கௌரவத்தோடு ஓட்டுவதற்கென்று ஒரு தனிப் பிரிவைத் தோற்றுவித்தது. மிதிவண்டி உல்லாசப் பாதைகள் பிரிவு என்று பெயர். நான் அதில் எழுத்தர்.

பெயரில் பன்மை இருந்தாலும் பாதை என்னவோ ஒன்றுதான். நகரத்தின் ஓரத்தில் வாய்க்காலை ஒட்டி ஐந்து கிலோமீட்டருக்குத் தார் போட்டு, பச்சைச் சாயம் பூசி, நடுவில் மஞ்சள் கோடு இழுத்திருந்தோம். எங்கள் வீட்டுத் தரைகூட அத்தனை வழவழப்பாக இருக்காது. ஒரு முனையில் முதன்மை வாயில், மறுமுனையில் இளைப்பாறும் வாயில். பாதைக்குப் பக்கத்திலேயே கம்பிவேலி. வேலிக்கு அந்தப் புறம் லாரிகள் ஓடும் பெரிய சாலை.

எங்கள் இயக்குநரை நாங்கள் அவர் இல்லாத நேரத்தில் 'கிராம்' என்று கூப்பிடுவோம். அவருடைய சைக்கிளின் எடை ஆறாயிரத்து எண்ணூறு கிராம். இந்த விவரம் தெரியாமல் அவர் அறையை விட்டு யாரும் வெளியே வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சைக்கிளைக் காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு வருவார். உடம்போடு ஒட்டிய உடுப்பு, விரல் தெரியும் கையுறை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் அணிந்து இறங்கி, சைக்கிளை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டுவார். அவர் அதை ஓட்டிப் பார்த்ததைவிடத் தூக்கிப் பார்த்ததுதான் அதிகம். அவரைப் பார்த்து மற்ற துறை அதிகாரிகளும் கூரைமேல் சைக்கிளோடு வர ஆரம்பித்தார்கள். வாயிலில் கார் நிறுத்த இடம் போதாமல் பாதையின் முதல் அரை கிலோமீட்டரைக் கார்களுக்கு ஒதுக்கினோம்.

வார நாட்களில் பாதை காலியாகக் கிடந்தது. அப்படிப்பட்ட ஒரு திங்கட்கிழமை காலையில்தான் அந்த அம்மா வாயிலுக்கு வந்தார். அரசு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைப்பவர். பின்னால் கேரியரில் சாப்பாட்டுப் பை கட்டிய பழைய சைக்கிள். அதன் எடை அவருக்கே தெரியாது.

எங்கே போகிறீர்கள் என்று காவலாளி கேட்டிருக்கிறார். வேலைக்கு என்று அவரும் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டார்.

உள்ளே விடமுடியாது என்றதும், அன்றைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். லாரிச் சாலையில் ஒருமுறை பள்ளத்தில் தள்ளப்பட்டு முழங்காலில் தையல் போட்டிருந்தது. சாலை நெரிசலில் மாட்டி மூன்று முறை தாமதமாகப் போயிருக்கிறார். நான்காவது முறை தாமதமானால் வேலை போய்விடும் என்று எழுத்துமூலம் சொல்லிவிட்டார்களாம். எங்கள் இளைப்பாறும் வாயில் மருத்துவமனையின் பின்பக்கச் சுவருக்கு நேர் எதிரே இருக்கிறது. பாதையில் போனால் இருபது நிமிடம், லாரி கிடையாது. இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். நான் இயக்குநரிடம் அழைத்துப் போனேன்.

இயக்குநர் நல்ல மனிதர். அவரை உட்காரவைத்து, சைக்கிளின் எடையைச் சொல்லிவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

"இதப் பாருங்கம்மா. போய்ச் சேர்ற இடம்னு ஒண்ணு இருந்தா அது போக்குவரத்து. போக்குவரத்து வேற துறை. நாங்க உல்லாசம். ஏழாவது விதிப்படி, கிளம்பின வாயிலுக்கே திரும்பி வரணும்."

"திரும்பி வருவேனுங்களே சார். சாயங்காலம் வீட்டுக்கு அந்த வழியாத்தானே வரணும்."

"நடுவுல எங்கேயும் போய்ச் சேரக் கூடாது."

"அப்ப எதுக்கு சார் போறது?"

இயக்குநர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பாமர மக்களுக்கு உல்லாசம் புரிய நாளாகும் என்பது அந்தச் சிரிப்பின் பொருள்.

அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. விதிப் புத்தகத்தை எழுதியவனே நான்தான். எனவே ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பயனாளர் இளைப்பாறும் வாயில் வழியே வெளியே சென்று ஓய்வெடுத்துத் திரும்பலாம் என்று ஒன்பதாவது விதி சொல்கிறது. எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. வராந்தாவில் அவரை நிறுத்தி, இனி காவலாளி கேட்டால் சும்மா சுற்ற வந்தேன் என்று சொல்லுங்கள், நடுவில் இருக்கும் நேரத்தை ஓய்வு என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள் என்றேன். அனுமதிச் சீட்டும் வாங்கிக் கொடுத்தேன். எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவர் ஒருநாள்கூடத் தாமதமாகவில்லை. காவலாளி பதிவேட்டில் தினமும் ஒழுங்காக எழுதினார்: வருகையின் நோக்கம், சும்மா. ஓய்வு, காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. வார நாட்களில் அந்தப் பதிவேட்டில் இருந்தது அந்த ஒரே பெயர்தான். இப்படியே ஒரு வருடம் ஓடியது.

வருட முடிவில் சிறந்த பயனாளருக்கு விருது தர வேண்டும் என்று இயக்குநருக்குத் தோன்றியது. பதிவேட்டை வரவழைத்துக் கூட்டிப் பார்த்தார். இருநூற்று ஐம்பத்திரண்டு நாட்கள், நாளுக்கு ஒன்பது மணி நேரம். அசந்துபோனார். "அந்தம்மா எப்படித் திருந்திட்டாங்க பார்த்தியாய்யா" என்று என்னிடம் நெகிழ்ந்து சொன்னார். வேண்டாம் சார் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் பொறாமை கொண்ட எழுத்தர் ஒருவரின் பேச்சாகவே அது கேட்டது. 'கடந்த ஓராண்டில் இரண்டாயிரத்து இருநூற்று அறுபத்தெட்டு மணி நேரம் முழுமையாக ஓய்வெடுத்து ஏனையோருக்கு முன்மாதிரியாகத் திகழ்ந்தமைக்காக' என்று நற்சான்றிதழ் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். அதன் நகல் புகைப்படத்தோடு எல்லா அலுவலக அறிவிப்புப் பலகைகளுக்கும் போனது. மருத்துவமனைப் பலகைக்கும் போனது.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். அதே நாட்கள், அதே மணி நேரங்கள், அங்கே வேலை செய்ததாகக் கையெழுத்து. உடனே குறிப்பாணை பிறந்தது. இரண்டும் அரசு ஆவணங்கள். அரசு ஆவணம் பொய்யாக இருக்க இயலாது. ஆகவே பொய்யாக இருப்பது தாங்களே என்று கருத வேண்டியிருக்கிறது. ஏன் பணிநீக்கம் செய்யக்கூடாது என்பதற்கு மூன்று நாட்களில் விளக்கம் தருக.

அவர் சட்டம் போட்ட சான்றிதழையும் குறிப்பாணையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. கைகளைத்தான் என் முன்னால் விரித்துக் காட்டினார். சலவைச் சோடாவில் ஊறி விரல்நுனி எல்லாம் தோல் உரிந்திருந்தது.

"ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு சார். இதுதான் நான் ஓய்வெடுத்த லட்சணம். இப்ப என்ன எழுதிக் குடுக்கணும், நீங்களே சொல்லுங்க."

என்ன எழுதுவது என்பதில் சந்தேகமில்லை. ஒருநாளும் ஓய்வெடுக்கவில்லை என்று மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தால் வேலை தப்பும். ஆனால் பாதையைப் போக்குவரத்துக்குப் பயன்படுத்திய குற்றம் உறுதியாகும். அப்படியே நானே எழுதிக் கொடுத்தேன், அவர் கையெழுத்துப் போட்டார். வேலை தப்பியது. அந்த விளக்கத்தின் நகல் வந்து சேர்ந்ததும் எங்கள் பிரிவு அவருடைய அனுமதிச் சீட்டை ரத்து செய்து, சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வேலைக்குப் போகிற ஒருவரை ஒரு வருடம் உள்ளே விட்டதற்காகக் காவலாளிக்கும் ஒரு குறிப்பாணை கொடுக்கப்பட்டது. எனக்கு ஒன்றும் கொடுக்கப்படவில்லை, ஏனென்றால் குறிப்பாணைகளைத் தட்டச்சு செய்வது நான்தான்.

இப்போது நான் மாலையில் பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஜன்னல் வழியாக அவரைப் பார்க்கிறேன். லாரிகளுக்கு நடுவே ஓரமாக, கேரியரில் பையோடு போய்க்கொண்டிருப்பார். அவர் பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கிற சாலை அல்ல அது. வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் பச்சைப் பாதை வெறிச்சென்று கிடக்கும். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அதற்கென்று ஒரு படிவம் இருந்திருந்தால் நிரப்பிக் கொடுத்திருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வார நாட்களில் பயனாளர் எண்ணிக்கை பூஜ்யம் என்று தெரிய வருவதால், பிரிவைக் கலைப்பது குறித்துப் பரிசீலிக்கப்படுகிறது. இயக்குநர் எங்கள் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். அன்றைக்கு அவர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. நாளை முதல் பிரிவின் ஊழியர்கள் அனைவரும் அலுவலக நேரத்தில் பாதையில் சைக்கிள் ஓட்டியாக வேண்டும் என்று ஆணையிட்டார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வாயிலில் இயக்குநரைச் சேர்த்து ஒன்பது பேர் வரிசையில் நின்றோம். எனக்கு என் மகளின் சைக்கிள். முன்னால் கூடை வைத்தது. காவலாளி பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு இயக்குநரைக் கேட்டார்.

"வேலையா வந்திருக்கீங்களா சார், சும்மா வந்திருக்கீங்களா?"

"இதென்னய்யா கேள்வி? ஆபீஸ் வேலையாதான்."

"அப்ப உள்ள விட முடியாது சார். இதுக்குத்தான் எனக்கு மெமோ குடுத்தீங்க."

"சரி, சும்மா வந்தோம்னு போட்டுக்கோ."

"போட்டுக்கறேன் சார். மணி ஒன்பதரை, ஆபீஸ் நேரத்துல சும்மா வந்திருக்கேன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

இயக்குநர் பேனாவை வாங்கினார், பதிவேட்டைப் பார்த்தார், பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். விதிகளை எழுதியவர் முதலில் போகட்டும் என்று சொல்லி, சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

காவலாளி என்னைப் பார்த்தார். நான் மகளின் சைக்கிள் கூடையை நேராக்கினேன்.

"சொல்லுங்க சார். சலவைக்கூடத்து அக்காவைக் கேட்டப்ப யோசிக்காம சொன்னாங்களே."

இருபத்திரண்டு வருட சர்வீசில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. யாராவது உதவிக்கு வருவார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற எட்டுப் பேரும் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்கிறேனோ அதையே எழுதுவதற்காகக் காத்திருந்தார்கள்.