நான் இறந்த செய்தியை முந்தித் தந்தவர்

டென்மார்க்கில் ஒரு தமிழன் தும்மினால், அடுத்த தும்மலுக்குள் அதைச் செய்தியாக்கிவிடுவார் எங்கள் ‘விசேட நிருபர்’. அவருடைய சொந்தப் பெயர் மனைவிக்கே மறந்திருக்கும். ஹேர்னிங் நகரில் துணித் தொழிற்சாலை வேலை. மிச்ச நேரமெல்லாம் லண்டன் தமிழ் இணையப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்புவார்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து நிருபர் ஒருவரைப் பற்றி எங்கோ வாசித்துவிட்டார். அதற்குப் பிறகு பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு வீடும் அவருக்குப் போர்க்களம்தான்.

“அந்த மனுசன் குண்டுகளுக்குள்ளாலை குதிரையோடிப் போய்த் தந்தி அடிச்சவன். என்னட்டைக் கார் கிடக்கு. நான் பிந்தலாமோ?” என்பார்.

ஒருநாள் காலை நான் ஸ்கீவவிலுள்ள என் வீட்டிலேயே கைபேசியை மறந்துவிட்டு ஒடென்சே நகருக்குப் போய்விட்டேன். மத்தியானம் அவர் அழைக்க, இங்கே பிறந்த என் மகள் எடுத்திருக்கிறாள். அவளுடைய தமிழ் அளவான தமிழ்.

“அப்பா போயிட்டார்.”

“ஐயோ! எப்ப பிள்ளை?”

“காலமை.”

“கஷ்டப்பட்டவரோ?”

“இல்லை, கெதியாப் போயிட்டார்.”

“அம்மா?”

“படுத்திருக்கிறா. எழும்பமாட்டா.”

அம்மா இரவு வேலை முடித்துவந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அதை யார் கேட்டார்கள்?

நான் திரும்பிவந்து காரை நிறுத்தியபோது, மலர்வளையங்களும் சாப்பாட்டுச் சட்டிகளுமாகச் சனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. உயிரோடு இருப்பதற்காக நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். செய்தியில் என்னை ‘ஸ்கீவவின் கொடைவள்ளல்’ என்று எழுதியிருந்தார். அப்போதுதான் எழும்பிவந்த என் மனைவி அதை வாசித்துவிட்டு, “இது ஆர்?” என்று கேட்டாள். நிலம் பிளக்காதா என்றிருந்தது.

முன்னால் நின்றவர் நிருபர். கண்கள் வீங்கியிருந்தன. ஓடிவந்து என் முகத்தைத் தடவினார்.

“உயிரோடை இருக்கிறாய் தம்பி!”

அதற்குப் பிறகுதான் அவருக்கு எல்லாம் உறைத்தது. தலைகுனிந்தபடி காரில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் திருத்தம் வந்தது. பழகிய கை சும்மா இருக்குமா? ‘அன்னார் காலமாகவில்லை என்பதை ஆழ்ந்த துயருடன் அறியத்தருகிறோம்.’

ஊரே சிரித்தது. அவர் எழுதுவதையே விட்டார். விழாக்களுக்கு வருவதில்லை. தமிழ்க் கடையில் ஆட்களைக் கண்டால் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார். நான் மறந்துவிட்டுப்போன கைபேசியால் ஒரு மனிதர் இப்படி ஆகிவிட்டாரே என்று எனக்கும் தாங்கவில்லை. அவர் வீட்டுக்குப் போனேன்.

“திரும்ப எழுதுங்கோ, அண்ணை.”

“வெக்கமாக் கிடக்கு. இனி ஆர் என்னை நம்புவினம்?”

“நான் நம்புறன். உண்மையா நான் சாகேக்கை நீங்கள்தான் எழுதவேணும்.”

“விசரா, நான் உன்னிலும் மூப்படா!”

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அதுக்காகவெண்டாலும் உயிரோடை இருங்கோ, அண்ணை.”