இருபத்து மூன்று நாடுகளின் மௌனம்

"ஒதீல், பனிக்கட்டியைக் காணோமே!"

திங்கட்கிழமை காலை, கோப்பையில் பாதிக் காபி மிச்சமிருக்கும்போதே ஹெல்சிங்கியிலிருந்து டாக்டர் ரைமோ தொலைபேசியில் வந்துவிட்டார். ஒதீல் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"எங்கே காணோம் டாக்டர்?"

"உங்க திட்டத்துலதான். ஐரோப்பாவோட அடுத்த பத்து வருஷ ஆராய்ச்சித் திட்டம்னு வரைவு அனுப்பியிருக்கீங்க. அதுல பனிக்கட்டியே இல்லேன்னா ஃபின்லாந்து எதுக்கு இருக்கணும்?"

"முழுசும் படிச்சீங்களா? மூணாவது பக்கத்துல..."

"எதுக்குப் படிக்கணும்? 'பனிக்கட்டி'ன்னு தேடினேன். வரல. நாங்க எதிர்த்துக் கை தூக்குறதைத் தவிர வேற வழி இல்ல."

இயற்பியலும் பொறியியலும் அடுத்த பத்தாண்டில் எந்தத் திசையில் போக வேண்டும் என்று இருபத்து மூன்று நாடுகளையும் ஒரே குரலில் சொல்ல வைப்பதுதான் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒதீல் வேலை பார்க்கும் அலுவலகத்தின் பணி. இயற்பியலும் பொறியியலும் இவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். இங்கேயும் ஊர் கூடும், வடத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், தேர் நகராது. இழுத்ததற்கான பயணப்படி மட்டும் எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தக் குழுவில் வாக்கெடுப்பு கிடையாது. வாக்கெடுத்தால் யாராவது தோற்பார்கள். தோற்றவர்கள் அடுத்த வருடச் சந்தாவைக் கட்ட மாட்டார்கள். ஆகையால் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஆவணத்தை எல்லா நாடுகளுக்கும் மெயிலில் சுற்றுக்கு விடுவது. குறித்த நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒருவரும் வாய் திறக்காவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஒரே ஒரு நாடு முணுமுணுத்தாலும் பழையபடி முதலிலிருந்து. மௌனம் சம்மதம் என்று நம் ஊர்க் கல்யாணப் பேச்சில் சொல்வதை இவர்கள் சட்டமாகவே எழுதி, அதற்கு விளக்கவுரையும் வைத்திருந்தார்கள்.

ஏற்கெனவே இரண்டு முறை சுற்றுக்கு விட்டு, இரண்டு முறையும் யாரோ கை தூக்கிவிட்டார்கள். மூன்றாவது முறையும் கவிழ்ந்தால் வருடக் கடைசியில் அலுவலகத்தை இழுத்து மூடுவதாக நிர்வாகக் குழு சொல்லிவிட்டது. கெடு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. ஒதீலுக்கு ஐம்பத்தாறு வயது. ஒருங்கிணைப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் போய் வேறு எதை ஒருங்கிணைப்பது என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

எனவே பனிக்கட்டியைச் சேர்த்தாள்.

மறுநாளே லிஸ்பனிலிருந்து பேராசிரியர் தெல்மிரா கூப்பிட்டார். மூத்தவர், பாசக்காரர், ஆபத்தானவர்.

"கண்ணு, பனிக்கட்டி உள்ளே வந்துடுச்சாமே?"

"ஒரே ஒரு பத்திதான் மேடம்."

"இருக்கட்டும் இருக்கட்டும். உறைஞ்சு கிடக்கிற தண்ணிக்கே ஒரு பத்தின்னா, ஓடிக்கிட்டிருக்கிற எங்க கடல் அலை என்ன பாவம் பண்ணிச்சு? அலையில மின்சாரம் எடுக்கலாம்மா. பனிக்கட்டியில என்ன எடுப்பாங்க, சளியா?"

அலையையும் சேர்த்தாள். அன்று மாலையே புடாபெஸ்ட்டிலிருந்து டாக்டர் கெர்கெய் பேசினார். அவர் மரியாதையிலேயே ஆளைக் கொல்கிறவர்.

"மதிப்புக்குரிய மேடம், எங்களுக்குக் கடலும் இல்ல, பனிப்பாறையும் இல்ல. இயற்கை எங்களை வஞ்சிச்சுட்டுது. இப்ப நீங்களும் வஞ்சிக்கப் போறீங்களான்னு பணிவோட கேக்குறேன்."

"உங்களுக்கு என்ன வேணும் சார்?"

"வெந்நீர் ஊற்று."

ஒதீல் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு அவளுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. பனிக்கட்டி, அலை, வெந்நீர் மூன்றும் தண்ணீர்தானே? பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியுமே! மூன்று பத்திகளையும் ஒன்றாக்கி 'நீர்' என்று தலைப்புக் கொடுத்தாள்.

இதை ஒப்புக்கொள்ளாத ஒரே கூட்டம் உலகத்தில் இயற்பியலாளர்கள்தான்.

"எங்க பனிக்கட்டியும் அவங்க வெந்நீரும் ஒண்ணா?" என்று ரைமோ கத்தினார். "வெந்நீரைப் பக்கத்துல வச்சா பனிக்கட்டி என்ன ஆகும்னு தெரியாதா உங்களுக்கு?" தெல்மிரா அம்மாள் கத்தவில்லை, அழுதார். கெர்கெய் பணிவோடு, தமது அமைச்சரிடம் பேசப்போவதாகச் சொன்னார்.

ஒதீல் நேரே தலைமைச் செயலாளர் ப்ரைட்டன்பாக்கின் அறைக்குப் போனாள். ப்ரைட்டன்பாக் வியன்னாக்காரர். பாதி நாள் ரயிலில் இருப்பார், மீதி நாள் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். அன்றும் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் போயா கலங்குற? ஆளுக்கொரு பின்னிணைப்பு குடுத்துடு."

"பின்னிணைப்பா?"

"ஆமா. அவங்கவங்க எழுதி அனுப்பட்டும், நீ கடைசியில கோத்துடு. பின்னிணைப்பு மாதிரி நல்ல இடம் கிடையாது ஒதீல். எழுதினவனுக்குப் பெருமை, படிக்கிறவனுக்குத் தொந்தரவே இல்ல."

"மத்த நாடுகளும் கேட்டா?"

"குடு. காகிதமா செலவாகுது?"

கேட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் செய்தி பரவி இருபத்து மூன்று நாடுகளும் கேட்டுவிட்டன. ஃபின்லாந்து தன் பின்னிணைப்பில் பனிக்கட்டியின் வண்ணப்படங்களை அனுப்பியது. எல்லாம் வெள்ளையாக இருந்தன. அதைக் கேள்விப்பட்ட போர்ச்சுக்கல், அலை அசைகிற பொருள் என்பதால் காணொளியாகவே அனுப்பியது. ஹங்கேரி வெந்நீர்த் தொட்டியில் அமர்ந்து சதுரங்கம் ஆடும் பொறியாளர்களின் படங்களை வரைபடங்களோடு அனுப்பியது. கடுகளவு நாடொன்று எழுத எதுவும் இல்லாததால் தன் பிரதமரின் புகைப்படத்தை மிகப் பெரிய அளவில் அனுப்பிவைத்தது.

கழுதை தேய்ந்து கட்டெறும்பானது பழைய கதை. இங்கே பன்னிரண்டு பக்கக் கட்டெறும்பு ஒரே வாரத்தில் வளர்ந்து, கழுதையையும் தாண்டி யானையாகிவிட்டது. திறக்கச் சொன்னால் ஒதீலின் கணினி பெருமூச்சு விட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை அந்த யானையை மெயிலோடு இணைத்து, 'வெள்ளி பகல் பன்னிரண்டு வரை மௌனக் கெடு' என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

புதன்கிழமை ஒரு முணுமுணுப்பும் இல்லை. சென்ற இரண்டு முறையும் முதல் நாளே இத்தாலி ஆரம்பித்திருந்தது. இப்போது இத்தாலிகூட வாயைத் திறக்கவில்லை.

நடைபாதையில் கணினிப் பிரிவு யானிக் எதிரே வந்தான்.

"மேடம், நான் போட்ட மெயிலைச் சார் பாத்தாரா?"

யானிக்கின் மெயிலை ப்ரைட்டன்பாக் திறந்ததாகச் சரித்திரமே இல்லை. மாதம் ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி உயிரை எடுக்கிறான் என்பது அவர் புகார்.

"கடவுச்சொல்தானே? அடுத்த வாரம் மாத்திக்கலாம்ப்பா."

"இல்ல மேடம், அது வந்து..."

"யானிக், உனக்குப் புண்ணியமாப் போகும். வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்தக் கட்டடத்துல யாரும் எதுவும் பேசாதீங்க. பேச்சு வந்தாலே எனக்குப் படபடன்னு வருது."

யானிக் தோளைக் குலுக்கிக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை அவளால் பொறுக்க முடியவில்லை. தூங்குகிற சிங்கத்தைத் தட்டி எழுப்பக் கூடாது என்று தெரிந்தும், ஹெல்சிங்கிக்கு எண்ணை அழுத்தினாள்.

"டாக்டர், சும்மாதான் கூப்பிட்டேன். ஆவணம்... பாத்தீங்களா?"

எதிர்முனையில் ஒரு செருமல். பிறகு ரைமோவின் குரல் கனிந்து வந்தது.

"பாக்காம? படிச்சேன், ஒரு வரி விடல. பனிக்கட்டிப் பகுதியை ரெண்டு தடவை படிச்சேன். அருமை ஒதீல், அருமை!"

ஒதீலுக்கு நம்ப முடியவில்லை. லிஸ்பனைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, ராத்திரி உக்காந்து முழுசாப் படிச்சு முடிச்சேன்," என்றார் தெல்மிரா அம்மாள். "என் வீட்டுக்காரருக்கும் வாசிச்சுக் காட்டினேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு மனுஷனுக்கு."

கெர்கெய் மட்டும் கொஞ்சம் இழுத்தார். "மதிப்புக்குரிய மேடம், நடுவுல ஒரு இடத்துல ஒரு காற்புள்ளி எனக்கு உறுத்திச்சு. ஆனா ஐரோப்பாவோட ஒற்றுமைக்காக அதை விட்டுக்குடுக்குறேன்."

"எந்த இடம் சார்? திருத்திடறேன்."

"வேண்டாம் வேண்டாம். விட்டுக்குடுத்தது குடுத்ததுதான்."

ஒதீல் தொலைபேசியை வைத்துவிட்டு அழுதாள். முப்பது வருட வேலையில் யாரும் அவள் எழுதியதைப் படித்ததாகச் சொன்னதில்லை. இப்போது ஒரு மனிதர் காற்புள்ளி வரைக்கும் படித்திருக்கிறார்! விஞ்ஞானிகளைப் பற்றி இத்தனை நாள் மனசுக்குள் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கே எல்லோரும் அவளுடைய மேஜையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ப்ரைட்டன்பாக் ரயிலைக்கூடத் தவறவிட்டிருந்தார். தொலைபேசி அடிக்கவில்லை. கதீட்ரல் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்தபோது யாரோ கை தட்ட, அறையே கை தட்டியது.

ப்ரைட்டன்பாக் க்ரெமாண்ட் என்கிற நுரை மதுப் புட்டியைத் திறந்தார். கூகல்ஹோஃப் கேக் வந்தது. நிர்வாகக் குழுத் தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னதும், "இனி பத்து வருஷத்துக்கு உங்க அலுவலகத்தை யாரும் தொட முடியாது," என்று அவர் அங்கிருந்தே வாழ்த்தினார். பத்திரிகைகளுக்கும் அறிக்கை போய்விட்டது: 'வரி வரியாக ஆராய்ந்தபின் ஐரோப்பா ஏகமனதாக ஒப்புதல்.'

"இது வெறும் மௌனம் இல்ல," என்று ப்ரைட்டன்பாக் கோப்பையை உயர்த்தினார். "ஆழ்ந்த வாசிப்புலேர்ந்து பிறந்த மௌனம்! இந்த வெற்றி ஒதீலோடது."

அப்போது யானிக் உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் தன் கையாலேயே பெரிய துண்டாக வெட்டி அவனிடம் நீட்டினாள்.

"கேக்கெல்லாம் எதுக்கு மேடம்? யாருக்குப் பிறந்த நாள்?"

"நம்ம திட்டத்துக்குத்தான்ப்பா! செவ்வாய்க்கிழமை அனுப்பினேன் இல்லையா? இருபத்து மூணு நாடும் படிச்சுட்டு, ஒரு எதிர்ப்பும் இல்லாம ஏத்துக்கிட்டாங்க."

யானிக் கேக்கைக் கடித்து, மென்று, நிதானமாக விழுங்கினான்.

"அந்தப் பெரிய ஃபைலா மேடம்? அது அளவு மீறிப்போய் செவ்வாய்க்கிழமையே நம்ம சர்வர்ல நின்னுபோச்சு. அனுப்பலாமான்னு சாருக்கு மூணு மெயில் போட்டேன், பதிலே இல்ல, சரி மௌனம் சம்மதம்னு எடுத்துக்கிட்டு இப்பதான் எல்லா நாட்டுக்கும் அனுப்பிட்டு வர்றேன்."