அலை அளந்தவர்

இனி ஒரு சனிக்கிழமையைக்கூட மச்சினிக்குத் தாரை வார்ப்பதில்லை என்று பல் துலக்கும்போது நெவில் டிரெகென்சா சபதம் எடுத்தார். கண்ணாடியில் உறுதியான ஆள் ஒருவர் தெரிந்தார். மனைவி கிளெனிஸ் கதவைத் தட்டியதும் அந்த ஆளைக் காணோம்.

"நெவ், பியானோ விஷயமா மெரில் வீட்டுக்குப் போகணும். ஒரு கை கொடேன்."

மெரில்தான் மச்சினி. வீடு இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. நெவிலுக்கு இடுப்பு இப்போதே வலித்தது.

"முடியாது கிளெனி. லேபுக்குப் போகணும்," என்றார், வாயில் நுரையோடு.

"சனிக்கிழமையா?"

நெவில் வேலை பார்த்த அடிலெய்ட் லேபுக்கு ஒரே தொழில்தான். வயர்லெஸ் வைத்த சாமான் எதுவும் கடைக்குப் போகுமுன் அளவுக்கு மீறி ரேடியோ அலையைக் கக்குகிறதா என்று அளந்து பார்ப்பது.

"மாட்டுக் கழுத்துப்பட்டை. மாடு எங்க மேயுதுன்னு சொல்லும். உள்ள இருக்கற வயர்லெஸ் மாட்யூலுக்குத்தான் சர்டிபிகேட் இருக்கே, அப்புறம் எதுக்கு டெஸ்டுன்னு கம்பெனிக்காரன் குதிக்கறான். மாட்யூல் யோக்கியம்தான். ஆனா மட்டமான சார்ஜரோட ஒரே டப்பாவுல அடைச்சா அதுவும் சேர்ந்து கூத்தடிக்கும். முழு டப்பாவையும் அளந்தாத்தான் குட்டு வெளிப்படும்."

"பாவம் நீ."

"ஃபோன் பண்ணாதே. டெஸ்ட் அறை சுத்தி இரும்பு. கதவைச் சாத்திட்டா ஒரு சிக்னல் உள்ள வராது."

"சரி," என்றாள் கிளெனிஸ். கல்யாணத்தன்று பாதிரியாருக்குக்கூட அவள் கொஞ்சம் யோசித்துத்தான் சரி சொன்னாள். நெவில் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை. செமஃபோர் கடற்கரையில், கடலுக்குள் நீளும் பாலத்தின் நுனியில், லேப் நண்பர் ராஸ் பக்கத்தில், தூண்டிலைப் போட்டுவிட்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். வாளியில் நாலு கிழங்கான் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. ஃபோன் அடித்தது. பழக்கதோஷம், கை எடுத்துவிட்டது.

"என்ன பண்றே நெவ்?"

"அலைதான் அளந்துகிட்டிருக்கேன்." எதிரே கடல். பொய்கூட இல்லையே என்று ராஸைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"நீ அளக்கறது நல்லாவே கேக்குது. அது என்ன கீச்சுக் கீச்சுன்னு?"

வாளிக்கு மேலே கடற்காகங்கள் வட்டமிட்டன.

"ஆன்டெனாக் கம்பம். ஏறி இறங்கும்போது கத்தும். எண்ணெய் போடணும்."

"எண்ணெய் கேக்குதா, மீன் கேக்குதா?"

"என்ன?"

"ஒண்ணுமில்ல. இரும்புக் கதவைச் சாத்தியாச்சா?"

"அப்பவே சாத்தியாச்சு."

"அப்ப என் ஃபோன் எந்த வழியா உள்ள வந்துச்சு ராஜா?"

ராஸ் சத்தமில்லாமல் தன் தூண்டிலைச் சுருட்டினார்.

"அது... கதவுல... ஓட்டை விழுந்திருக்கும்போல கிளெனி."

"அடடா! ஓட்டை அறையில அளந்தா செல்லாதே. இன்னிக்கு வேலையே நடக்காது. சும்மாத்தானே இருப்பே? மெரில் வீட்டுக்கு வந்துடு. ராஸையும் இழுத்துட்டு வா."

"ராஸா? அவன் எங்க இங்க?"

"அவர் பொண்டாட்டிகிட்டயும் இதே மாடுதான் மேய்ஞ்சிருக்கு. இப்பத்தான் பேசினோம்."

இரண்டு பேரும் மீன்வாடையோடு மெரில் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். தெருவில் பியானோ இல்லை. படிக்கட்டிலும் இல்லை. மூச்சு வாங்க மேலே போனால், ஜன்னலோரம் புத்தம்புதுப் பியானோ ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மெரில் அதில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள்.

நெவிலுக்கு இடுப்பு வலி சட்டென்று போய்விட்டது. "ஏத்தியாச்சா!"

"நேத்தே கடைக்காரங்க ஏத்திட்டாங்க," என்றாள் கிளெனிஸ்.

"அப்ப எங்களை எதுக்குக் கூப்பிட்டே?"

கிளெனிஸ் மூலையில் இருந்த போர்வையை இழுத்தாள். அடியில் இன்னொரு பியானோ. பழசு. புதிதைவிட இரண்டு பங்கு பெரிசு.

"இதை மெரில் நமக்குக் கொடுத்துட்டா. ரெண்டு பேரும் பார்த்து இறக்குங்க."

"நம்ம வீட்டுக்கா? எங்கே கிளெனி இடம்?"

"உன் தூண்டில் சாமான் அறைதான். இனிமே அது காலியாத்தானே கிடக்கப்போகுது."