செங்கல் முக்கோணமும் பஞ்சவர்ணத்தின் கிணறும்

எளிய வேலையைக் கடினமாக்குவதற்கென்றே சிலர் பிறக்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பதானால் என் ஓட்டு முக்கோணத்துக்குத்தான். எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காது.

அறுபதுகளின் கடைசியில் திருச்சுழிப் பக்கத்து யூனியன் ஆபீஸ் ஒன்றில் நானும் அவரும் குமாஸ்தாக்கள். பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கெல்லாம் அவர் முக்கோணம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சாக்கட்டி. அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் எப்போதும் செங்கல் தூசி.

அது வறட்சிக் காலம். கிணறுகளின் அடிப்பாறையில் துளை போட்டு வேட்டு வைக்க ஆபீஸில் இருந்தது ஒரே ஒரு கம்ப்ரஸர் வண்டி. கேட்டு வந்த ஊர்களோ அநேகம். நான் ஒழுங்காக ஒரு காரியம் செய்து வந்தேன். மனு வந்ததும் அதில் வரிசை எண் போடுவேன். ஒன்று முடிந்தால் இரண்டு, இரண்டு முடிந்தால் மூன்று. குமாஸ்தா உத்தியோகத்தின் அழகே அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

முக்கோணத்துக்கு அது பொறுக்கவில்லை.

"ஏன்ய்யா, தீப்பிடிச்ச வீட்டுக்காரன் லேட்டா வந்தா, வீடு வெந்து முடிஞ்சப்புறந்தான் தண்ணி ஊத்துவீகளா?" என்றார்.

"அப்படின்னா எது அவசரம்னு பாத்து வரிசையா எழுதி வச்சிருவோம்" என்றேன் நான்.

"தெனமும் புதுசா ஆள் வாராக. தெனமும் முதல்லேருந்து அடுக்குவீகளா? நமக்கு எதுக்கு முழு வரிசை? எல்லாத்துக்கும் மேல எதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

சொல்லிவிட்டு முற்றத்துக்கு இறங்கினார். அங்கே ஏதோ கட்டடத்துக்கென்று இறக்கி, கட்டப்படாமலே கிடந்த செங்கற்கள் இருந்தன. கல்லுக்கு ஒரு ஊர்ப் பெயர் எழுதினார். உச்சியில் ஒரு கல் வைத்தார். அதன் கீழ் இரண்டு, அந்த ஒவ்வொன்றின் கீழும் இரண்டிரண்டு என்று முக்கோணமாகப் பரப்பினார். விதி ஒன்றே ஒன்று. எந்தக் கல்லும் தனக்குக் கீழே உள்ள இரண்டு கற்களைவிட அவசரமானதாக இருக்க வேண்டும். பக்கத்துக் கல்லைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

புதிய கல் வந்தால் கடைசியில் வைப்பார். மேலே உள்ள ஒரு கல்லோடு மட்டும் ஒப்பிடுவார். புதியது அதிக அவசரம் என்றால் இரண்டும் இடம் மாறும். இப்படியே அது ஏறும். உச்சிக் கல் வேலைக்குப் போய்விட்டால், கடைசிக் கல்லைத் தூக்கி உச்சியில் வைத்துவிட்டு, கீழே உள்ள இரண்டில் அதிக அவசரமானதோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு அதை இறக்குவார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தலை சுற்றியது.

இது கிணற்றுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேதான் அவருடைய அகம்பாவம் இருந்தது.

"கெணறுன்னு இல்லய்யா. ஆஸ்பத்திரி நோயாளியா இருக்கட்டும், பட்டறையில ரிப்பேருக்கு வந்த தறியா இருக்கட்டும். ரெண்டைக் காட்டினா எது முந்தின்னு நீங்க சொல்லணும். அம்புட்டுதான் உங்க வேலை. மிச்சத்த முக்கோணம் பாத்துக்கிடும். போடு, பாரு, எடு. புதுசாப் போடு, உச்சியப் பாரு, உச்சிய எடு. நாலாவது வேலை கெடையாது."

டீக்கடைக்காரரிடமும் இதை விற்கப் பார்த்தார். அவசரமாகப் போகிறவருக்கு முதல் டீயாம். டீக்கடைக்காரர் நிதானமாகக் கேட்டார்: "அப்ப உங்களுக்கு எப்ப டீ குடுக்க? நீங்கதான் ஆபீஸுக்குப் போகவே மாட்டேங்கீகளே."

எங்கள் அதிகாரியான பி.டி.ஓ. எதையும் நீளமாகக் கேட்கும் பொறுமை இல்லாதவர். முக்கோணம் பேசி முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டார். கிணறுகளுக்கு விதியும் வகுத்தாயிற்று: குடிதண்ணீருக்கு யார் அதிகத் தூரம் நடக்கிறார்களோ அவர்கள் முந்தி.

அன்றே ஆபீஸின் மானம் போகத் தொடங்கியது. மல்லாங்கிணறு பக்கத்து ஆள் ஒருவர், கடைசியில் இருந்த தன் ஊர்க் கல் திடீரென உச்சிக்கு வந்ததைப் பார்த்து, ஓடிப்போய் எல்லாருக்கும் வடை வாங்கி வந்தார். அவர் திரும்புவதற்குள் கல் அடிவரிசைக்கு இறங்கிவிட்டது. "ஏலே, எங்க ஊர எவன்டா கீழ தள்ளுனது?" என்று வடைப் பொட்டலத்தோடு அவர் போட்ட கூச்சலில் பி.டி.ஓ. எழுந்து ஜன்னலைச் சாத்தினார். வடையை முக்கோணம் தின்றார்.

இன்னொருவர் கேட்டார்: "சார், நான் எத்தனாவது ஆளு?"

"தெரியாது அண்ணாச்சி."

"தெரியாதா? எனக்கு முன்னால எத்தன பேருன்னாச்சும் சொல்லுங்க."

"உங்களுக்கு மேல இவுக. அவுகளுக்கு மேல அவுக. அந்தப் பக்கத்துக் கிளையில யாரு உங்களுக்கு முந்தின்னு முக்கோணத்துக்கே தெரியாது. தெரிஞ்சுக்கிடவும் வேண்டியதில்ல."

ஒரு சர்க்கார் குமாஸ்தா, மனுதாரரின் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று பெருமையாகச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் முறையில் கேட்டவருக்கு உடனே எண் சொல்லலாம். நடக்கிறதோ இல்லையோ, எண் இருக்கும்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் பஞ்சவர்ணம் வந்தார். பண்ணைகளில் கூலி வேலை செய்து வந்த குடும்பங்கள் கொண்ட ஒரு சின்னத் தெருவின் சார்பில் ஏற்கெனவே ஒரு முறை வந்து பெயர் கொடுத்திருந்தார். அப்போது அவர்கள் கிணறு வற்றியிருந்தாலும் பக்கத்துத் தோட்டக் கிணற்றில் இறைத்துக்கொண்டார்கள். நடை குறைவு. ஆகவே அவர்கள் கல் அடிவரிசையில் கிடந்தது. இப்போது அந்தத் தோட்டக் கிணறும் வற்றிவிட்டது. நடை மூன்று மைல்.

"தெருவே மூட்டை கட்டுது, ஐயா. சூளை வேலைக்குப் போறோம்னு நிக்குறாக. எம் மக பிள்ள பெத்துப் பச்ச ஒடம்பாக் கெடக்கா. அவளத் தூக்கிக்கிட்டு நான் எங்க போக? என் கல்ல மேல ஏத்துங்க."

முக்கோணத்தின் முகம் வெளிறிவிட்டது. "உள்ள கெடக்கிற கல்ல நடுவுல தொட வழியில்ல தாயி. போடு, பாரு, எடு. அவ்வளவுதான்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவசரத்துக்கென்று செய்த யந்திரம், அவசரம் கூடினால் கேட்டுக்கொள்ளாதாம்! தாகத்தால் சாகிறவர் சாகுமுன் புது மனுவோடு வர வேண்டும் போலிருக்கிறது என்றேன்.

பஞ்சவர்ணம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முக்கோணத்திடம் திரும்பினார்.

"புதுசாப் போடலாம்ல?"

"போடலாம்."

"அப்பப் போடுங்க. அந்தப் பஞ்சவர்ணம் அங்கனயே கெடக்கட்டும். நான் இன்னைக்கு வந்தவ."

முக்கோணம் வாயைப் பிளந்தார். "ஒரே ஊருக்கு ரெண்டு கல்லா?"

"பழசு மேல வந்துச்சுன்னா தூக்கிக் கடாசுங்க. ஒரு செங்கலுக்காகவா இம்புட்டு யோசனை?"

புதிய கல் கடைசியில் வைக்கப்பட்டது. முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மேலே உள்ள ஊர் எத்தனை மைல் நடக்கிறது என்று கேட்பதும், கல் மாறுவதுமாகப் பஞ்சவர்ணம் ஏறினார். உச்சியில் இருந்தது ஓர் அருப்புக்கோட்டைப் பருத்திக் கமிஷன்கடைக்காரரின் தோட்டம். அவரும் அங்கேதான் நின்றார்.

"எங்க தோட்டத்து ஆளுக நாலு மைல் நடக்குறாக" என்றார் அவர்.

"எங்கய்யா நடக்குறாக? உங்க வண்டியில பீப்பாய் வச்சில்ல கொண்டாறாக? மாடுதான் நடக்குது" என்றார் பஞ்சவர்ணம்.

கூட்டம் சிரித்தது. முக்கோணம் சிரிக்கவில்லை. குனிந்து இரண்டு கற்களையும் இடம் மாற்றினார்.

கமிஷன்கடைக்காரர் நேராக உள்ளே போனார். சற்று நேரத்தில் பி.டி.ஓ. வெளியே வந்தார். "அவர் கல்லை மேல வையும்யா. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"வைக்க வழியில்லங்க சார்."

"கையாலதானே வைக்கணும்? கை இருக்குல்ல?"

"உள்ள கெடக்கிறத நடுவுல தொடக் கூடாதுங்க சார். இவுகளுக்கே தொடலங்க."

சற்று முன் நான் சிரித்த அதே பதில். பி.டி.ஓ. தாமே படியிறங்கிக் கல்லைத் தூக்கக் குனிந்தார். அப்போது வடை வாங்கி ஏமாந்த அந்த மல்லாங்கிணற்றுப் பக்கத்து ஆள் முன்னால் வந்தார்.

"சார், அவுகளத் தூக்கி மேல வச்சீகன்னா, பெறகு எங்க கல்லுக்கு என்ன நாயம்?"

அவர் பின்னால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு ஆள் நின்றார். அத்தனை பேரும் காலை முழுக்க முக்கோணத்தைத் திட்டியவர்கள். பி.டி.ஓ. நிமிர்ந்தார். கையில் ஒட்டிய செங்கல் தூசியைத் தட்டினார். "நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

"பாத்தாச்சுங்க சார்" என்று முக்கோணம் உச்சிக் கல்லை எடுத்தார். நேரே போய் கம்ப்ரஸர் வண்டி டிரைவரின் மடியில் வைத்தார். "எடுத்தாச்சு. எடுத்ததத் திரும்ப வைக்க என்கிட்ட வேலை இல்ல. நீ கெளம்பு."

பஞ்சவர்ணம் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். டிரைவர் பி.டி.ஓ.வைப் பார்த்தார், மடியில் இருந்த கல்லைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பினார். அந்த வாரமே வேட்டு வைத்தார்கள். பாறைக்கு அடியில் ஊற்று கண்டது. தெரு மூட்டையை அவிழ்த்தது.

முக்கோணத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சொந்த ஊரிலிருந்து எவ்வளவு தொலைவுக்கு ஒரு குமாஸ்தாவைத் தூக்கிப் போட முடியுமோ அவ்வளவு தொலைவு. செங்கற்களை ஓரமாக அடுக்கினார்கள். மனுக்களில் மறுபடி வரிசை எண் போட ஆரம்பித்தேன். ஆபீஸ் ஒழுங்குக்கு வந்தது.

அவர் ஊரை விட்டுப் போன அன்று அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வேலை இருந்தது, அதனால் போனேன். மதுரை பஸ் வந்ததும் கூட்டம் முண்டியது. இந்த மனிதர் டிரங்குப் பெட்டியோடு ஓரத்தில் நின்று, "நீங்க போங்க, உங்களுக்கு அவசரம். நீங்களும் போங்க" என்று எல்லாரையும் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு பஸ்ஸை இப்படியே விட்டிருந்தாராம்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. வரிசையில் நின்றவர்களை இடித்துக்கொண்டு போய், ஜன்னல் வழியே என் துண்டைப் போட்டு ஒரு சீட்டுப் பிடித்தேன். வசவுகளை வாங்கிக்கொண்டு அவரை உள்ளே தள்ளி உட்கார வைத்தேன். பஸ் நகர்ந்த பிறகுதான் துண்டு அவர் தோளில் கிடப்பதைக் கவனித்தேன்.

கோடாலி முடிச்சுப் போட்டுக் கரை நெய்த நல்ல துண்டு. திருப்பி அனுப்பச் சொல்லி நான் எழுதவில்லை.