முட்டை நைனாவின் பத்தாவது ரவுண்டு

ஒரே ஓர் ஆட்டத்தை முப்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர் உலகத்தில் ஒருவர்தான். அவர் முட்டை நைனா.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. நைனா அங்கே அளவு தெரியக் கம்பி முனைகளுக்குச் சாயம் அடிப்பவர். குடோனிலேயே படுக்கை. அவரைத் தேடி ஒரு ஆள் வந்து நான் பார்த்ததில்லை.

வாலிபத்தில் கப்பலில் பாத்திரம் கழுவியவர், அமெரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்த்துவிட்டார். சம்பளம் வாங்கி ஆடுகிறவர்கள். சிவப்புத் தொப்பி ஒரு கட்சி, நீலத் தொப்பி ஒரு கட்சி. இரண்டு பக்கமும் எடுத்தது முட்டை. பெயர் வந்த வழி அதுதான்.

"பந்தை அடிச்சிட்டு ஓடணும் மாமு. மூணு மூலையும் தொட்டுக்கினு கெளம்பின எடத்துக்கே வரணும். அப்பதான் ஒண்ணு."

"எவனாச்சும் வந்தானா நைனா?"

"எவனும் வர்ல! அதான் விசேசமே!"

ஒவ்வொரு பந்தையும் சொல்வார். எறிந்தவன் மூக்கைத் துடைத்தால் அதையும் சொல்வார். மொத்தம் ஒன்பது ரவுண்டு. மூன்றாவதைத் தாண்டி உட்கார்ந்தவன் கிடையாது. ஒருமுறை கூலி கேட்டு லோடுமேன்கள் கேட்டை மறித்து உட்கார்ந்தார்கள். முதலாளி கெஞ்சினார், போலீஸ் மிரட்டியது, யாரும் அசையவில்லை. பொழுது போகட்டும் என்று நைனா ஆரம்பித்தார். இரண்டாவது ரவுண்டில் கேட் காலி. சலூனில் ஆரம்பித்த அன்று, கடைக்காரர் ஒரு கன்னத்தோடு கத்தியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்தான். நைனா மறு கன்னத்தில் தாடியோடு இரண்டு நாள் திரிந்தார்.

எனக்கும் ஊர் சலித்தது. விஜயவாடா போகும் கம்பி லாரியில் கிளீனராகச் சேர்ந்துகொண்டேன். லோடு ஏறி முடிய மத்தியானம் ஆகும் என்றார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு நைனா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் போறேன் நைனா. முழுசா சொல்லு, கேக்கறேன்."

சாய பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஒம்போதுமா?"

"ஒம்போதும்."

சொன்னார். நாலாவது ரவுண்டில் எனக்குக் கால் மரத்தது. ஏழாவதில் கண் சொருகியது. ஒன்பதாவது முடிந்தபோதும் முட்டைக்கு முட்டை.

"அப்பால? யார் கெலிச்சது?"

"தெர்லியே. கப்பல்ல சங்கு ஊதிட்டான். ஓடியாந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. "இன்னா நைனா பேஜாரு! இதுக்கா குந்திக்கினு இருந்தேன்?"

"அந்த ஆட்டத்துல சமமா வுட்டுட்டுப் போக மாட்டானுங்கோ மாமு. ஒருத்தன் ஒண்ணு எடுக்கற வரிக்கும் ஆடிக்கினே இருப்பானுங்கோ."  பிறகு மெதுவாக, "பத்தாவது ரவுண்டு நம்ம ஆடலாமா?" என்றார்.

கை துடைக்கிற பனியன் வேஸ்ட்டைச் சுருட்டிக் கட்டுக்கம்பியால் சுற்றினார். பந்து தயார். ஒரு கம்பித் துண்டு மட்டை. தரையில் சாயத்தால் நாலு மூலை. ஓடுகிறவனுக்குப் பதில் மூலைக்கு மூலை நகர்த்த ஒரு இரும்பு நட்டு. நான் சிவப்பு, அவர் நீலம். மூன்று பந்தைத் தவறவிட்டவன் அவுட்டு. பத்து, முட்டை. பதினொன்று, முட்டை. நைனா அவ்வளவு சத்தமாகச் சிரித்து யாரும் கேட்டதில்லை என்று சக ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பன்னிரண்டாவதில் அவர் முட்டை. என் நட்டு மூன்றாவது மூலைக்கு வந்துவிட்டது. ஒரு நல்ல அடி போதும், ஆட்டம் முடிந்துவிடும். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"டேய், வர்றியா இன்னா? சின்னப்புள்ளையாட்டம் ஆடிக்கினு கீற!"

நைனா பந்தை எறியாமல் கையிலேயே வைத்திருந்தார். லாரியைப் பார்த்தார். நட்டைப் பார்த்தார். பிறகு எறிந்தார். தோளில் வலு செத்த கை. குழந்தைகூட அடித்துவிடும் பந்து.

மூன்று தடவையும் காற்றைத்தான் அடித்தேன்.

"அவுட்டு நைனா. பதிமூணாவது ரவுண்டு."

லாரி என்னை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது. அடுத்த லாரி எப்போது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.