துரைக்கு ஒரு தனி அறை

கருணையின் வரலாற்றை யாராவது எழுத உட்கார்ந்தால், முதல் அத்தியாயத்தை என் அண்ணன் வளர்க்கும் கெளுத்தி மீனுக்கு ஒதுக்க வேண்டும். இரவு வேலையை விட்டுவிட்டு அவர் வீட்டுக் கூடத்தில் படுத்துக் கிடப்பவன் என்ற முறையில், இதை அதிகாரபூர்வமாகவே சொல்கிறேன்.

வாங்கியபோது அது விரல் நீளம். “தொட்டி அளவுக்குத்தான் சார் வளரும்” என்று கடைக்காரர் உறுதி கூறினார். அண்ணன் ஒரு நிறுவனத்தில் ஆட்களை நிர்வகிப்பவர். ஊழியர்களின் சம்பளத்தை வளரவிடாமல் வைத்திருந்த அனுபவத்தில் உடனே நம்பிவிட்டார்.

மீனுக்கு நிர்வாகம் பிடிபடவில்லை. முழங்கை நீளம் வளர்ந்தது. கூட இருந்த தங்கமீன்கள் ஒவ்வொன்றாக ‘பணி ஓய்வு’ பெற்றன.

“மத்ததெல்லாம் எங்கங்க?” என்றார் அண்ணி.

“வெளிய குதிச்சிருக்கும்.”

“இவன் வயித்தைப் பாருங்க. துரை ஒரு வார்த்தை பேசாம எல்லாத்தையும் முடிச்சிட்டாரு.”

அன்று முதல் அதற்குத் துரை என்று பெயர்.

துரை திரும்பினால் மீசை ஒரு கண்ணாடியிலும் வால் எதிர்க் கண்ணாடியிலும் இடித்தது. அண்ணனுக்கு மனம் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ‘குடும்ப ஆலோசனைக் கூட்டம்’ கூட்டினார். பொருள்: துரையின் வாழ்க்கைத் தரம்.

“பெரிய தொட்டி சொல்லியிருக்கேன். பின் ரூம்லதான் கொள்ளும்.”

“அங்க அப்பா இருக்காரே” என்றேன்.

“அவரு ராத்திரி படுக்க மட்டும்தானடா போறாரு. துரை நாள் பூரா இருக்கணும்.”

“அப்ப மாமா எங்க படுப்பாரு?” என்றார் அண்ணி.

“பால்கனியில. நல்ல காத்து.”

“மழை பெஞ்சா?”

“தார்ப்பாய் கட்டிடலாம்.”

அப்பா கையை உயர்த்தினார். அண்ணன் பேச அனுமதித்தார்.

“குளிருக்கு ஒரு போர்வை...”

“மீனுக்கே ஹீட்டர் வாங்கியிருக்கேன். உங்களுக்கு ஒரு போர்வை தரமாட்டேனாப்பா?”

சபை நெகிழ்ந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் தொட்டி வந்து இறங்கியது. அண்ணி கடைசியாக ஒருமுறை முயன்றார். “ஏங்க, துரையைக் கடையிலேயே திருப்பி விட்டுடலாமே?”

அண்ணனின் கண் கலங்கிவிட்டது.

“என்ன பேச்சு பேசுற? நம்மளை நம்பி இருக்கிற உயிரு. இடம் பத்தலன்னு வெளிய தள்ளுறவன் மனுஷனா?”

சொல்லிக்கொண்டே அப்பாவின் கட்டிலை ஒரு முனையில் தூக்கினார். தொட்டிக்குத் தண்ணீர் விடும் குழாய் என் கையில் இருந்தது. ஆகவே, மறுமுனையை அப்பாவே தூக்கினார்.